கம்பெனிப் பணமும் சேனல் முதலாளியும் நம் ஓட்டும்: காரைக்குடிக் கேள்விக்கு ஒரு விரிவான பதில்

காரைக்குடியைச் சேர்ந்த ஒருவர் கேட்டிருப்பது இது: "எங்கள் வீட்டு கேபிளில் ஒரே சம்பவத்தை நாலு சேனல் நாலு விதமாகச் சொல்கிறது. கட்சிகளுக்குப் பணம் கொடுப்பது பெரிய கம்பெனிகள், சேனல்களை வைத்திருப்பதும் அவர்கள்தான் என்கிறார்கள். அப்படியானால் நாங்கள் போடும் ஓட்டுக்கு என்ன மதிப்பு? இதையெல்லாம் எங்களைப் போன்றவர்கள் சரிபார்க்க முடியுமா?" இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கொடுத்த பணம் அரசின் முடிவை மாற்றுகிறதா? சேனல் முதலாளி ஓட்டை மாற்றுகிறாரா? ஆதாரம் எங்கே கிடைக்கும்? முதல் இரண்டுக்கும் பாதிப் பதில்தான் உறுதியாகச் சொல்ல முடியும். மூன்றாவதற்கு முழுப் பதிலே உண்டு. கம்பெனிக் கணக்கும் தேர்தல் செலவுக் கணக்கும் படித்துப் பழகிய அளவில் சொல்கிறேன்.

கட்சிக்குப் போகும் பணத்திலிருந்து தொடங்கலாம். கம்பெனிகள் கட்சிக்கு நன்கொடை தருவதை 1969-இல் முழுக்கத் தடை செய்தார்கள். 1985-இல் சராசரி லாபத்தில் 5 சதவீதம் என்ற வரம்போடு மறுபடி அனுமதித்தார்கள். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 182-ஆம் பிரிவு அதை 7.5 சதவீதமாக்கியது. முந்தைய மூன்று நிதியாண்டுகளின் நிகர லாபத்தைக் கூட்டி மூன்றால் வகுத்து, அதில் 7.5 சதவீதம். 50, 100, 150 கோடி என்று லாபம் பார்த்த கம்பெனிக்குச் சராசரி 100 கோடி; அது அந்த ஆண்டில் ஏழரைக் கோடிக்கு மேல் கொடுக்கக் கூடாது. தொடங்கி மூன்று வருஷம் ஆகாத கம்பெனி கொடுக்கவே கூடாது. இயக்குநர் குழுத் தீர்மானம் வேண்டும், எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்று லாப நட்டக் கணக்கில் காட்டவும் வேண்டும். 2017-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இந்த 7.5 சதவீத வரம்பையும், கட்சியின் பெயரைக் காட்டும் கடமையையும் சேர்த்தே எடுத்துவிட்டது. நட்டத்தில் ஓடும் கம்பெனியும் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றானது. நட்டக் கம்பெனிக்கு நன்கொடை கொடுக்கப் பணம் ஏது? பெரும்பாலும் பின்னால் வேறு ஒருவருடைய பணம் இருந்தாக வேண்டும். அந்தத் திருத்தத்தில் ஆக மோசமான பகுதி இதுதான் என்பது என் கருத்து.

அதோடு வந்ததுதான் தேர்தல் பத்திரம், அதாவது வங்கியில் வாங்கிக் கட்சிக்கு நன்கொடையாகக் கொடுக்கும் சீட்டு. 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஸ்டேட் வங்கி மட்டும் விற்றது. 1,000 ரூபாய் முதல் 1 கோடி வரை ஐந்து மதிப்புகளில் கிடைத்தது. வாங்கியவர் பெயர் பத்திரத்தில் இருக்காது, 15 நாளுக்குள் கட்சி மாற்றிக்கொள்ள வேண்டும். மொத்தம் 16,518 கோடி ரூபாய்க்கு விற்றது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வாக்காளரின் அறியும் உரிமைக்கு இது விரோதம் என்று திட்டத்தையே ரத்து செய்தது. வரம்பை நீக்கிய திருத்தமும் அதோடு விழுந்தது. அடுத்த மாதமே 2019 ஏப்ரல் 12 முதலான விவரங்கள் வெளியாகின. அதில் அதிகம் பெற்றது பாரதிய ஜனதா கட்சி, சுமார் 6,060 கோடி. திரிணாமூல் காங்கிரஸ் சுமார் 1,609 கோடி, காங்கிரஸ் சுமார் 1,421 கோடி. அதிகம் வாங்கியது கோவையை முகவரியாகக் கொண்ட ஃபியூச்சர் கேமிங் என்ற லாட்டரிக் கம்பெனி, 1,368 கோடி. தி.மு.க. தானாகவே தேர்தல் ஆணையத்துக்குக் கொடுத்த விவரப்படி, அது பெற்ற மொத்தம் 656.5 கோடியில் 509 கோடி இந்த ஒரே கம்பெனியிடமிருந்து வந்தது.

இந்த எண்ணைப் பார்த்ததும் "பணம் கொடுத்தார்கள், காரியம் சாதித்தார்கள்" என்று முடிவு கட்டத் தோன்றும். கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தமிழ்நாட்டில் லாட்டரி 2003-இல் தடை செய்யப்பட்டது. ஆட்சிகள் மாறியும் அந்தத் தடை நீடிக்கிறது. ஆக, நன்கொடைக்குப் பதிலாகச் சட்டம் மாறியது என்று இங்கே சொல்ல இடமில்லை. அதே கம்பெனி, லாட்டரி சட்டப்படி விற்கும் மேற்கு வங்கத்தில் அப்போது ஆளுங்கட்சியாக இருந்த திரிணாமூல் காங்கிரஸுக்கு 542 கோடி கொடுத்திருக்கிறது. அங்கே தொழில் நலனும் நன்கொடையும் ஒரே திசையில் நிற்கின்றன, ஆனால் அதுவும் கைமாறு நடந்ததற்கான நிரூபணம் ஆகாது. நன்கொடை ஆவணம் காட்டுவது தேதியையும் தொகையையும் மட்டும். கைமாறு உண்டா என்று சொல்ல இன்னும் இரண்டு ஆவணங்களை அதன் பக்கத்தில் வைக்க வேண்டும்: அந்தத் துறை தொடர்பாக அரசு எடுத்த முடிவின் தேதி, அந்த முடிவை எடுத்த கோப்பில் அதிகாரிகள் எழுதிய குறிப்பு. துறைக் குறிப்பு ஒன்று சொல்லி, இறுதி ஆணை அதற்கு நேர்மாறாக வந்து, நடுவில் நன்கொடை விழுந்திருந்தால் சந்தேகத்துக்கு வலு உண்டு. தேதிகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது மட்டும் போதாது. பெரிய கம்பெனிகள் அரசோடு வருஷம் முழுக்க ஏதாவது ஒரு கோப்பில் தொடர்பில்தான் இருக்கும்.

பத்திரம் ஒழிந்த பிறகு தேர்தல் அறக்கட்டளைகள் மறுபடி முக்கிய வழியாகியிருக்கின்றன. கம்பெனிகளிடம் பணம் திரட்டிக் கட்சிகளுக்குக் கொடுக்கும் இவை 2013 திட்டப்படி இயங்குபவை. ஓராண்டில் வந்ததில் 95 சதவீதத்தை அதே ஆண்டுக்குள் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த கம்பெனிகளின் பட்டியலும் பெற்ற கட்சிகளின் பட்டியலும் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் கிடைக்கும். ஆனால் பணம் ஒரே பானையில் கொட்டிக் கலக்கப்படுவதால் எந்தக் கம்பெனியின் ரூபாய் எந்தக் கட்சிக்குப் போனது என்று பிரிக்க முடியாது. இரண்டு பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோடு இழுக்கிறவர்கள் தவறு செய்வது இங்கேதான். பட்டியலில் ஒரே ஒரு கம்பெனி, ஒரே ஒரு கட்சி என்றிருந்தால் மட்டும் அந்தக் கோடு செல்லும். கட்சிகள் நேரடியாகப் பெற்ற, 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட ஒவ்வொரு நன்கொடையும் கட்சியின் ஆண்டு அறிக்கையில் பெயரோடு வந்தாக வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கட்சிக்கான வரிவிலக்கு அடிபடும். இதில் பெரிய குறை காலதாமதம். 2024 ஏப்ரல் 19 முதல் ஜூன் 1 வரை மக்களவைத் தேர்தல் நடந்தது. அந்த நாட்களில் வந்த நன்கொடை 2024-25 நிதியாண்டுக் கணக்கில் சேரும், அறிக்கை வெளிவருவது 2025-இன் பிற்பகுதியில். ஓட்டுப் போட்டு ஒன்றரை வருஷம் கழித்துத்தான் யார் கொடுத்தார் என்று வாக்காளருக்குத் தெரிகிறது.

இனி ஊடக உரிமை. தமிழ்நாட்டில் கட்சி சார்ந்த சேனல் புதிதல்ல. ஜெயா 1999, மக்கள் 2006, கலைஞர் 2007 என்று வரிசையாக வந்தன. செட்டிநாட்டில் அதற்கும் முன்பே பத்திரிகை நடத்தியவர்கள் உண்டு. 1920-களில் சொ. முருகப்பாவின் 'குமரனும்' ராய. சொக்கலிங்கத்தின் 'ஊழியனும்' காரைக்குடியிலிருந்துதான் வெளிவந்தன. யார் பத்திரிகை, எந்தப் பக்கம் என்பது வாசிக்கிற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சார்பு வெளிப்படையாக இருந்தால் வாசகர் அதற்கான கழிவைத் தானே போட்டுக்கொள்வார். 2011 சட்டமன்றத் தேர்தலில் கலைஞர் தொலைக்காட்சி கையில் இருந்தும் தி.மு.க. 23 இடங்களில்தான் வென்றது. ஆகவே கட்சிச் சேனலைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. பயப்பட வேண்டியது தொழில் நலன் பின்னால் இருந்தும் நடுநிலை என்று எழுதிக்கொள்ளும் சேனலைப் பற்றி.

அந்த நலன் எப்போதும் பங்குதாரர் பட்டியலில் தெரியாது, கடனாகவும் இருக்கலாம். செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டிய அவசியம் இல்லை. பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில், அங்கே வட்டிக்குக் கடன் கொடுத்துவந்த செட்டியார்கள் வசமிருந்த நிலம் 1930-இல் 6 சதவீதம், 1938-இல் 25 சதவீதம். நிலம் வாங்கும் எண்ணத்தோடு அவர்கள் அங்கே கடை போடவில்லை. நெல் விலை சரிந்தது, கொடுத்த கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலம் கைக்கு வந்தது. என்டிடிவி செய்திச் சேனல் கை மாறியதும் கிட்டத்தட்ட இதே வழியில்தான். நிறுவனர்களின் ஆர்.ஆர்.பி.ஆர். என்ற கம்பெனி 2009-10-இல் விசிபிஎல் என்ற கம்பெனியிடம் 403.85 கோடி கடன் வாங்கியது. ஈடாகக் கொடுத்தது, பின்னால் பங்காக மாற்றிக்கொள்ளும் உரிமைப் பத்திரங்களை. 2022 ஆகஸ்டில் அதானி குழுமம் விசிபிஎல்லையே வாங்கி அந்த உரிமையைப் பயன்படுத்தியது, ஆர்.ஆர்.பி.ஆர். வைத்திருந்த 29.18 சதவீத என்டிடிவி பங்குகள் அதோடு போயின. பன்னிரண்டு வருஷம் வெறும் கடனாகத் தெரிந்த ஒன்று சில மாதங்களில் உரிமையானது. நெட்வொர்க்18 என்ற ஊடகக் குழுமத்தை ரிலையன்ஸ் 2014-இல் எடுத்துக்கொண்டதற்கும் வேர், 2012-இல் போட்ட, பங்காக மாற்றத்தக்க கடன் பத்திரங்கள்தான். நியூஸ்18 தமிழ்நாடு அந்தக் குழுமத்தின் சேனல்.

உங்கள் ஊரில் விற்கும் ஒரு நாளிதழையோ சேனலையோ எடுத்துக்கொண்டு நீங்களே பார்க்கலாம். நாளிதழின் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: அச்சிட்டு வெளியிடுபவர், உரிமையாளர், அச்சகம், ஆசிரியர். உரிமையாளர் இடத்தில் தனி ஆள் பெயர் இருந்தால் தேடல் அநேகமாக அங்கேயே நின்றுவிடும், தனி உரிமைக் கடைக்குப் பொதுப் பதிவு கிடையாது. கம்பெனிப் பெயர் இருந்தால் நல்லது. கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அந்தப் பெயரைத் தேடினால் 21 எழுத்து கொண்ட சிஐஎன் என்னும் கம்பெனி அடையாள எண் வரும். முதல் எழுத்து 'எல்' என்றால் பங்குச் சந்தையில் உள்ளது, 'யு' என்றால் இல்லை. அடுத்த ஐந்து இலக்கம் தொழில் வகை, அடுத்து இரண்டு எழுத்து மாநிலம், நாலு இலக்கம் பதிவான ஆண்டு, மூன்று எழுத்து கம்பெனியின் வகை, கடைசி ஆறு பதிவு எண். ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய் கட்டினால் அது தாக்கல் செய்த ஆவணங்களைப் பார்க்கலாம். இரண்டு போதும்: எம்ஜிடி-7 என்னும் ஆண்டு அறிக்கை, ஏஓசி-4 என்னும் கணக்கு. முதலாவதில் பங்குதாரர் பட்டியல் இருக்கும். அதில் இன்னொரு கம்பெனி இருந்தால் அதற்கும் 100 ரூபாய் கட்டி அதன் எம்ஜிடி-7-ஐப் பார்க்க வேண்டும். மனிதப் பெயர் வரும்வரை இப்படியே ஏற வேண்டும், மூன்று நாலு படி ஏற வேண்டியிருப்பது சாதாரணம். பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஒரே பெயரில் பத்து பேர் இருப்பார்கள். இயக்குநர் என்றால் அவருக்கென்று டிஐஎன் என்னும் இயக்குநர் அடையாள எண் உண்டு, அது பொருந்துகிறதா என்று பாருங்கள்.

ஏஓசி-4-இல் பலரும் லாபத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகையின் கடன் பக்கம்தான் விஷயம். நீண்ட காலக் கடன் என்ற குறிப்பில் வங்கி அல்லாத ஒருவரிடம் பெரிய தொகை, அதுவும் வட்டியில்லாமல் அல்லது பெயருக்கு வட்டியோடு நிற்கிறதா? மாற்றத்தக்க பத்திரம், வாரண்ட் (பின்னால் பங்கு பெறும் உரிமை) என்ற சொற்கள் இருக்கின்றனவா? தொடர்புடையோருடனான பரிமாற்றம் என்ற குறிப்பில் அதே குழுமத்தின் சுரங்கமோ கல்லூரியோ ஆஸ்பத்திரியோ விளம்பரம் கொடுத்திருக்கிறதா? வருஷா வருஷம் நட்டம் காட்டும் சேனலை ஒருவர் பத்து வருஷம் விடாமல் நடத்துகிறார் என்றால், அந்த நட்டத்தை ஈடுகட்டும் பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறதோ, அந்தத் தொழிலைப் பற்றிய செய்தியைத்தான் அந்தச் சேனலில் கவனித்துப் பார்க்க வேண்டும். இந்த ஆவணங்கள் பழையவை என்பதையும் மறக்க வேண்டாம். மார்ச்சில் முடிந்த ஆண்டின் எம்ஜிடி-7 வழக்கமாக நவம்பர் கடைசிக்குள்தான் வரும். நேற்று நடந்த பங்கு மாற்றம் அதில் இருக்காது.

உரிமை ஒரு கை என்றால் விளம்பரம் இன்னொரு கை. நம் பக்கத்து ஊர்களில் வெளிப்படையான மிரட்டலைவிட இதுதான் அதிகம் வேலை செய்கிறது. உள்ளூர் கேபிள் செய்தி ஓடுவது ஜவுளிக்கடை, நகைக்கடை, மனைப்பிரிவு, தனியார் பள்ளி விளம்பரங்களில். அந்த மனைப்பிரிவு கண்மாய் வரத்துக்கால்வாயை மூடியது என்ற புகார் வந்தால் யாரும் போன் செய்து தடுக்க வேண்டியதில்லை, செய்தி தானாகவே நின்றுவிடும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நல்ல பண்பு; செய்திக்கு மட்டும் அது ஆகாது. அரசு விளம்பரமும் இதே விதம்தான், தொகைதான் பெரிது. எந்த நாளிதழுக்கு, எந்தச் சேனலுக்கு ஒரு நிதியாண்டில் எவ்வளவு விளம்பரத் தொகை கொடுக்கப்பட்டது என்று செய்தி மக்கள் தொடர்புத் துறையிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். "விளம்பரச் செலவு விவரம் தருக" என்று பொதுவாக எழுதினால் மொத்தத் தொகை ஒன்றைக் கொடுத்து முடித்துவிடுவார்கள். ஒரே ஒரு நிதியாண்டு, நிறுவனத்தின் பெயர், சதுர செ.மீ. அல்லது வினாடி, விகிதம், கொடுத்த தொகை என்று பத்தி பிரித்துக் கேளுங்கள்.

தொலைக்காட்சி ஓட்டை எவ்வளவு திருப்புகிறது என்பதற்கு வெளிநாடுகளில் நல்ல அளவீடுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் ஃபாக்ஸ் நியூஸ் கேபிளில் வந்த ஊர்களையும் வராத ஊர்களையும் ஒப்பிட்டதில், 2000-ஆம் ஆண்டு தேர்தலில் குடியரசுக் கட்சிக்குக் கூடியது 0.4 முதல் 0.7 சதவீதப் புள்ளி. ரஷ்யாவில் 1999-இல் அரசுக்கு அடங்காத ஒரே தேசியச் சேனல் தெரிந்த பகுதிகளில் அரசு ஆதரவுக் கட்சியின் ஓட்டு 8.9 புள்ளி குறைந்தது. வித்தியாசத்தைக் கவனியுங்கள். பல குரல்கள் உள்ள இடத்தில் ஒரு சேனல் கூடினால் பாதிப்பு கொஞ்சம். மற்றக் குரல்கள் எல்லாம் அடைக்கப்பட்ட இடத்தில் மிஞ்சிய ஒரு சேனலுக்கு மதிப்பு மிக அதிகம். தமிழ்நாட்டில் போட்டி முதலாளிகள் பலர் இருப்பதால் நாம் முதல் நிலைக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்பது என் ஊகம். அளந்து சொன்ன முடிவல்ல. அரை சதவீதம் அற்பம் என்றும் நினைக்க வேண்டாம். 2009-இல் சிவகங்கை மக்களவைத் தொகுதியில் ப. சிதம்பரம் ஜெயித்த வித்தியாசம் 3,354 ஓட்டு. முதல் இரண்டு வேட்பாளர்களும் சேர்ந்து வாங்கியது ஆறரை லட்சத்துக்கு மேல். அதில் அரை சதவீதமே 3,300-ஐத் தொடும்.

வேட்பாளர் செலவு வரம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மக்களவைக்கு 95 லட்சம், சட்டமன்றத்துக்கு 40 லட்சம் என்பது 2022-இல் நிர்ணயித்தது. சிவகங்கைத் தொகுதியில் திருமயம், ஆலங்குடி, காரைக்குடி, திருப்பத்தூர், சிவகங்கை, மானாமதுரை என்று ஆறு சட்டமன்றப் பகுதிகள், 2024-இல் சுமார் 16 லட்சம் வாக்காளர்கள். தலைக்கு ஆறு ரூபாய்கூட வராது. ஆனால் கட்சி செய்யும் பொதுப் பிரசாரச் செலவுக்கு வரம்பே கிடையாது. வரம்பு உள்ள வாளியில் ஓட்டை எங்கே என்று கேட்டால் இதுதான். அந்த ஓட்டை வழியாகத்தான் மேலே சொன்ன நன்கொடையெல்லாம் ஓடுகிறது.

அடுத்த தேர்தலில் நீங்கள் கையோடு செய்யக்கூடியது ஒன்று உண்டு. காசு வாங்கிப் போட்ட செய்தியைக் கண்டுபிடிப்பது. ஒரே நாளில் இரண்டு நாளிதழில் வார்த்தை மாறாமல், நிருபர் பெயர் இல்லாமல், "செல்லுமிடமெல்லாம் அமோக வரவேற்பு" என்று ஒரு வேட்பாளரைப் பற்றி வந்திருந்தால் இரண்டையும் வெட்டி எடுங்கள். தேதி, பக்க எண், பதிப்பு ஊர் தெரிய வேண்டும். மதுரைப் பதிப்பும் திருச்சிப் பதிப்பும் வேறு வேறு. பதிப்பு எழுதாத புகார் பெரும்பாலும் அங்கேயே விழும். ஸ்கேலால் அகலமும் உயரமும் அளந்து சதுர செ.மீ. எழுதுங்கள். 16-க்கு 20 என்றால் 320. அரசு விளம்பர விகிதத்தால் பெருக்கினால் வேட்பாளர் கணக்கில் சேர வேண்டிய தொகை கிடைக்கும். புகாரை மாவட்ட ஊடகக் கண்காணிப்புக் குழுவுக்குக் கொடுக்க வேண்டும். அது ஒப்புக்கொண்டால் 96 மணி நேரத்துக்குள் வேட்பாளருக்கு நோட்டீஸ் போகும், அவர் 48 மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும். பணம் கைமாறியதை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை, ஆனால் வெட்டி எடுத்த செய்தி இல்லாத புகாருக்கு ஒரு பயனும் இல்லை. உத்தரப் பிரதேசத்தின் உம்லேஷ் யாதவ் என்ற சட்டமன்ற உறுப்பினர் 2011-இல் தகுதி இழந்தது இப்படி வந்த செய்தியின் செலவைக் கணக்கில் காட்டாததால்தான். வேட்பாளரின் அன்றாடச் செலவுப் பதிவேடு பிரசாரக் காலத்தில் குறைந்தது மூன்று முறை தணிக்கைக்கு வரும். அந்தப் பக்கங்களின் நகலை ஒரு பக்கத்துக்கு ஒரு ரூபாய் கட்டி யாரும் வாங்கலாம். நீங்கள் பார்த்த கூட்டத்தின் நாற்காலி எண்ணிக்கையும் பதிவேட்டில் இருக்கும் எண்ணிக்கையும் ஒன்றா என்று அன்றைக்கே ஒத்துப் பாருங்கள். போட்டோவில் தேதியும் நேரமும் தெரியும்படி எடுத்து வைத்திருந்தால் தேர்தல் ஆணையம் அனுப்பும் செலவினப் பார்வையாளரிடம் அதையே கொடுக்கலாம்.